தலைமையகத்தின் வீட்டுக்காரம்மா

ஜார்ஜ்டவுன், பினாங்கு
22.6.2024

அன்புள்ள மாமி மகள் கமருன்னிஸாவுக்கு, மச்சான் இப்ராஹிம் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் பிள்ளைகளும் அல்லாஹ் உதவியால் சுகம். ஹஜ்ஜுப் பெருநாள் நல்லபடியாகக் கழிந்தது. உன் சர்க்கரை எப்படி இருக்கிறது? முழங்கால் வலி குறைந்ததா?

போனில் விஷயத்தை ஆரம்பித்ததுமே, "எதா இருந்தாலும் லெட்டர்ல எழுதுங்க மச்சான். போன்ல பேசினா நீங்க பேச்சை மாத்திருவீங்க" என்று வைத்துவிட்டாய். தபால் நிலையம் போய்த் தபால்தலை கேட்டேன். அங்கிருந்த பெண் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

விஷயம் இதுதான். இந்தத் தீவின் பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் சங்கம் ஒன்று, இங்கே தலைமையகம் வைத்து வியாபாரம் செய்த கம்பெனிகளைப் பற்றியும் அவற்றின் கட்டடங்களைப் பற்றியும் புத்தகம் போடுகிறது. தமிழ் முஸ்லிம்கள் கட்டிய கட்டடங்களைப் பற்றி எழுதும் வேலை எனக்கு வந்திருக்கிறது. வேலையிலிருந்து ஓய்வு பெற்று நான்கு வருஷம் சும்மா இருந்தவனுக்கு இது பெரிய சந்தோஷம்.

நம் மூஸா பாட்டனார் கட்டிய அரிசிக் கம்பெனிக் கட்டடத்துக்கு இந்த வருஷம் தொண்ணூறு வயது. அதை இப்போது வைத்திருக்கும் பெரிய வாப்பா மகன் ஜாஃபர் சாதிக் காக்கா, சங்கத்தின் பண உதவியோடு பழுதுபார்த்துக் கொண்டிருக்கிறார். நோன்புப் பெருநாள் கழிந்து வரும் ஏப்ரலில் திறப்பு விழா. வாசலில் கல்லில் வரலாறு பொறித்துச் சங்கமே பதிக்கப் போகிறது. அந்த வாசகத்தையும் நான்தான் எழுத வேண்டும். பாட்டனார் நீளத் தொப்பி போட்டு உட்கார்ந்திருக்கும் படமும், கம்பெனிப் பெயர் அச்சடித்த பழைய கடிதங்களும் மாமியின் பெட்டியில் இருக்கும் என்று நினைக்கிறேன். அனுப்பி உதவு.

உன் துஆவை வேண்டும்,
இப்ராஹிம்


நன்னிலம்
9.7.2024

மச்சானுக்கு வஅலைக்குமுஸ்ஸலாம். சர்க்கரை அதன் பாட்டுக்கு இருக்கிறது. முழங்கால்தான் என்னோடு பேச்சுவார்த்தையில் இல்லை. உங்கள் வீட்டு மச்சி மவுத்தானதிலிருந்து நீங்கள் வேளைக்குச் சாப்பிடுவதில்லை என்று உங்கள் மகள் சொன்னாள். சாப்பிடுங்கள்.

மேட்டூரை இன்னும் திறக்கவில்லை. பம்புசெட்டு இருப்பவன் குறுவை நட்டுவிட்டான், மற்றவன் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். நிலத்தில் வேலை இல்லாதபோது அண்ணன் தம்பிகளுக்குப் பாகப்பிரிவினை ஞாபகம் வந்துவிடும். ஆகவே பத்திர ஆபீஸ் எதிரில் இருக்கும் என் அறையில் கூட்டத்துக்குக் குறைவில்லை. இருபது வருஷமாக எனக்கு டைப் அடிக்கிற வேம்பு, "அக்கா, தண்ணி வர்றதுக்குள்ள இந்த ஊரையே பிரிச்சு எழுதிடுவோம் போல" என்கிறாள்.

படம் இருக்கிறது. கடிதங்களும் இருக்கின்றன, முப்பத்திரண்டு. நீங்கள் புத்தகம் எழுதுவதில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் கல்லில் என்ன எழுதப் போகிறீர்கள் என்பதை முதலில் அனுப்புங்கள். நான் பத்திரம் எழுதிப் பிழைக்கிறவள். நகலைப் பார்க்காமல் நான் எதையும் கையிலிருந்து விடுவதில்லை.

வேளைக்கு மாத்திரை போடுங்கள்.

கமருன்னிஸா


ஜார்ஜ்டவுன்
30.7.2024

அன்புள்ள கமருவுக்கு ஸலாம். நலம். சாப்பிடுகிறேன். மகள் உளவு சொல்வதை நிறுத்தச் சொல்லியிருக்கிறேன்.

இந்த வேலை என்னைப் பிடித்துக்கொண்டுவிட்டது. தினமும் காலையில் குடையோடு கிளம்பி ஒரு தெருவைப் பார்த்துவிட்டு வருகிறேன். கடலோரத்தில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் வரிசையாக நிற்கின்றன. கப்பலில் வருகிறவன் கண்ணில் முதலில் பட வேண்டும் என்று மாடத்தை உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். அடுத்த தெருக்களில் சீனர் கடைகள். முகப்பு ஒடுக்கம், உள்ளே போனால் போய்க்கொண்டே இருக்கும், நடுவில் வெளிச்சத்துக்கு ஒரு முற்றம். வட்டிக்கடை நடத்திய செட்டியார்களின் கிட்டங்கியில் இன்னொரு விசித்திரம். நீளக் கூடத்தில் ஆளுக்கொரு பெட்டி, ஒரு சாய்மேசை. அந்தப் பெட்டியும் மேசையும்தான் ஒரு கம்பெனியின் தலைமையகம். வேறு பெயர்ப்பலகை கிடையாது.

நம்முடையது இவை எதிலும் சேராது. கீழே அரிசி மூட்டை, நடுமாடியில் கணக்கப்பிள்ளைகள், மேல்மாடியில் சமையற்கட்டும் படுக்கிற கூடமும். ஊரிலிருந்து வந்த முப்பது பேரும் அங்கேயே சமைத்துச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து கீழே இறங்கி வேலை பார்த்திருக்கிறார்கள். ஜப்பான்காரன் குண்டு போட்டபோது பக்கத்துக் கட்டடம் விழுந்தது, நம்முடையது நின்றது. பிறகு பெரிய கம்பெனிகள் எல்லாம் தலைமையகத்தைக் கோலாலம்பூருக்குக் கொண்டுபோய்விட்டன. விட்டுப்போன கட்டடங்கள் இப்போது ஓட்டலும் காபிக் கடையும் ஆகிவிட்டன. நம்முடையதிலும் கீழே காபிக் கடைதான் வரப் போகிறது.

நீ கேட்ட வாசகம்: "மூஸா அன் சன்ஸ் தலைமையகம். 1934. தஞ்சை மாவட்டம் அதிராம்பட்டினத்திலிருந்து வந்த வணிகர் மூஸா அவர்களால் கட்டப்பட்டு, அவருடைய புதல்வர்களால் தலைமுறை தலைமுறையாகப் பேணப்பட்டது."

நன்றாக வந்திருக்கிறது என்று காக்கா சொன்னார். படத்தை அனுப்பு.

இப்ராஹிம்


நன்னிலம்
18.8.2024

மச்சானுக்கு அஸ்ஸலாமு அலைக்கும். இவ்விடம் நலம். ஆடி பாதியில் மேட்டூரைத் திறந்து, இப்போதுதான் நம் வாய்க்கால் வரைக்கும் தண்ணீர் எட்டிப் பார்க்கிறது. உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடலோரம், சீனர் தெரு, கிட்டங்கி எல்லாம் படிக்க அருமையாக இருக்கிறது. வேம்புவுக்கும் வாசித்துக் காட்டினேன். கல்வெட்டு வாசகம் தப்பு.

புதல்வர்களா பேணினார்கள்? 1951லிருந்து 1984 வரை முப்பத்து மூன்று வருஷம் அந்தக் கட்டடத்துக்குச் சொந்தக்காரி என் உம்மா நுஸைபா. உங்களுக்குத் தெரியாதது இல்லை. இருந்தாலும் எழுத்தில் இருக்கட்டும் என்று எழுதுகிறேன்.

நம் ஊர் வழக்கம், கடை ஆணுக்கு, வீடு பெண்ணுக்கு. நிக்காஹ் முடிந்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குக் குடிவர வேண்டும். மூத்தவள் ஆயிஷா பெரியம்மாவுக்கு அதிராம்பட்டினத்து வீட்டை எழுதிவிட்டார்கள். உம்மாவுக்கு வீடு கட்ட நினைத்த வருஷங்களில் உலகச் சண்டை முடிந்து சிமெண்டு கிடைக்கவில்லை. நிக்காஹ் பேச வந்தவர்கள், "பொண்ணுக்கு வீடு எங்கே?" என்று கேட்டார்கள். பாட்டனார் கொஞ்சமும் அசரவில்லை. "ஏன், பினாங்குல மூணு மாடி நிக்கிதே! அடுப்பு எரியுது, ஆள் படுக்குது. அது வீடு இல்லாம பின்ன என்ன?" என்றார். சொன்னதோடு நிற்காமல் ஹிபா என்கிற தானப் பத்திரம் எழுதி, அந்த ஊர் வக்கீலை வைத்துப் பதிவும் செய்து, வாசல் சாவியை ஊருக்கு வரவழைத்து உம்மா கையில் கொடுத்தார். ஒரு கம்பெனியின் தலைமையகத்தைக் கல்யாணப் பெண்ணுக்கு வீடாகக் கொடுக்க நம் ஆட்களால்தான் முடியும்.

கடல் தாண்டிக் குடிபோக முடியாமல், வாத்தியாராக இருந்த வாப்பாவோடு உம்மா நன்னிலத்தில் வாடகை வீட்டில் இருந்தார்கள். மூன்று மாடிக்குச் சொந்தக்காரி, மழைக்கு ஒழுகும் கூரையின் கீழே ஏனம் வைத்துக் காலம் தள்ளினார்கள். ஆனால் வருஷாவருஷம் ஷஅபான் மாதத்தில் கம்பெனி மானேஜர் சிங்காரவேலுப் பிள்ளையிடமிருந்து கடிதம் வரும். "வீட்டுக்கார அம்மாள் அவர்கள் சமூகத்துக்கு, நோன்பு வருவதால் கட்டடத்துக்கு வெள்ளையடிக்க உத்தரவு தர வேண்டும்." உம்மா நாலு தடவை படித்துவிட்டு, "அடிக்கவும்" என்று பதில் எழுதுவார்கள். நீங்கள் கேட்கிற முப்பத்திரண்டு கடிதமும் இவைதான்.

எனக்கு அந்தக் கட்டடத்தில் ஒரு செங்கல்லும் வேண்டாம். கல்லில் உம்மாவின் பெயர் வேண்டும். இத்துடன் ஒரு கடிதத்தின் நகலை வைத்து அனுப்புகிறேன். மூலம் என்னிடமே இருக்கும்.

கமருன்னிஸா


ஜார்ஜ்டவுன்
10.9.2024

அன்புள்ள கமருவுக்கு ஸலாம். சுகம். இங்கே தினமும் மாலையில் மழை.

உன் கடிதம் கிடைத்தது. நீ சொல்வது குடும்பத்துக்குள் சரிதான். ஆனால் யோசித்துப் பார். இது வரலாற்றுப் புத்தகம். சீனர், மலாய்க்காரர், வெள்ளைக்காரர் எல்லாரும் படிப்பார்கள். தலைமையகத்தைப் பெண்ணுக்குச் சீராகக் கொடுத்தார்கள் என்றால் சிரிக்க மாட்டார்களா? வியாபாரம் செய்தது வாப்பாவும் பெரிய வாப்பாவும்தானே. மாமி இந்தத் தீவைப் பார்த்ததுகூட இல்லை.

நான் ஒரு வழி சொல்கிறேன். "புதல்வர்களால்" என்பதை எடுத்துவிட்டு "குடும்பத்தாரால்" என்று போடுகிறேன். அதில் மாமியும் வந்துவிடுவார்கள். யாருக்கும் மனக்கசப்பு இல்லை.

கூரை ஓடு மாற்றும் வேலை நடக்கிறது. பழைய ஓடுகளை எடுத்தபோது அடியில் மரம் அவ்வளவு உறுதியாக இருந்தது. தொண்ணூறு வருஷத்தில் ஒரு தடவைகூடக் கூரையில் கை வைக்கவில்லை என்று மேஸ்திரி ஆச்சரியப்பட்டார்.

படத்தை மட்டுமாவது அனுப்பு.

இப்ராஹிம்


நன்னிலம்
25.9.2024

மச்சானுக்கு ஸலாம். நான் நலம். நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

கூரையில் ஒரு தடவைகூடக் கை வைக்கவில்லையா? எழுதும்போது உங்கள் கை கூசவில்லையா மச்சான்?

1984 மே மாதம் ஆயிஷா பெரியம்மா மகள் லத்தீபா கல்யாணத்துக்கு ஊருக்கு வந்தீர்கள். மறுநாள் நன்னிலம் வந்தீர்கள். நான் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். இருபத்தொரு வயது எனக்கு. உங்களுக்கு இருபத்து நாலு, பளபளவென்று சட்டை. பையிலிருந்து தாள்களை எடுத்துவைத்து, "மாமி, அங்கே கூரை ரொம்ப ஒழுகுது. பழுது பாக்க முனிசிபாலிட்டில வீட்டுக்காரங்க கையெழுத்து கேக்குறாங்க" என்றீர்கள்.

உம்மா தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஏன்டா, கூரைக்கு இத்தனை பக்கமா?" என்றார்கள்.

நீங்கள் சிரித்தீர்கள். "அந்த ஊர்ல எல்லாத்துக்கும் அப்படித்தான் மாமி" என்றீர்கள். எல்லாம் இங்கிலீஷ். உம்மா என்னிடம் நீட்டி, "நீ படிச்சவதானே, என்னன்னு பாரு" என்றார்கள். நான் பி.யூ.சி. முடித்தவள். முதல் வரியிலேயே மூன்று வார்த்தை புரியவில்லை. உங்கள் முன்னால் அதை ஒப்புக்கொள்ள வெட்கப்பட்டு, "கூரைதாம்மா" என்று சொல்லிவிட்டேன். உம்மா ஏழு இடத்தில் கையெழுத்துப் போட்டார்கள். நீங்கள் கத்தரிக்காய்க் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு நாலு மணி பஸ்ஸுக்குப் போனீர்கள்.

அடுத்த ஷஅபானில் கடிதம் வரவில்லை. "இந்த வருஷம் வெள்ளையடிக்கலையா?" என்று உம்மா கேட்டார்கள். அதற்கு அடுத்த வருஷமும் கேட்டார்கள். மூன்றாவது வருஷம் கேட்கவில்லை. அந்த வருஷம்தான் நான் பத்திர எழுத்தர் பரீட்சைக்குப் படிக்க ஆரம்பித்தேன். நான் அன்றைக்குச் சொன்னது பொய். அதை எழுதிவிட்டேன்.

இப்போது உங்கள் முறை. அந்த ஏழு பக்கத்திலும் என்ன எழுதியிருந்தது? உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள்.

கமருன்னிஸா


நன்னிலம்
5.12.2024

மச்சானுக்கு அஸ்ஸலாமு அலைக்கும்.

பத்து வாரம் ஆகிறது. உங்கள் மகளைக் கேட்டேன், உடம்புக்கு ஒன்றுமில்லை, தினமும் குடையோடு போகிறீர்கள் என்றாள். நிம்மதி. நோயாளியிடம் சண்டை போட எனக்குப் பிடிக்காது.

இங்கே புயல் மழை. வலங்கைமானிலிருந்து இந்தப் பக்கம் முழுக்கச் சம்பா தண்ணீரில் நிற்கிறது. வடிகால் வெட்டிவிட ஆள் கிடைக்காமல் ஜனங்கள் தாங்களே மண்வெட்டியோடு இறங்கியிருக்கிறார்கள். என் அறைக்குள்ளும் முழங்கால் தண்ணீர். வேம்புவும் நானும் உம்மாவின் பெட்டியைத்தான் முதலில் மேலே தூக்கி வைத்தோம்.

நீங்கள் பேசாமல் இருந்தால் நான் பேசாமல் இருப்பேன் என்று நினைத்தீர்களா? ஹிபாவின் நகல், முப்பத்திரண்டு கடிதத்தின் நகல், ஒவ்வொன்றுக்கும் இங்கிலீஷில் மொழிபெயர்ப்பு, எல்லாவற்றையும் நோட்டரி முத்திரையோடு உங்கள் சங்கத்தின் செயலாளருக்கு நேற்று பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். மொழிபெயர்ப்பு நானே செய்தேன். மூன்று வார்த்தை புரியாத பெண் இப்போது இல்லை.

உங்களை மாட்டிவிடும் வார்த்தை எதுவும் அதில் எழுதவில்லை. 1984ல் உரிமை மாறியது என்று மட்டும் எழுதியிருக்கிறேன். எப்படி மாறியது என்பதை நீங்களே எழுத இடம் விட்டிருக்கிறேன்.

மழையில் நனையாதீர்கள்.

கமருன்னிஸா


ஜார்ஜ்டவுன்
2.1.2025

கமருன்னிஸாவுக்கு, இப்ராஹிம். ஸலாம். எல்லாரும் சுகம்.

நீ செய்தது சரியில்லை. குடும்ப விஷயத்தை வெளியாள் கையில் கொடுத்துவிட்டாய். செயலாளர் காக்காவைக் கூப்பிட்டு விசாரித்தார். காக்காவுக்கு இரத்தக் கொதிப்பு ஏறி இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். "நாற்பது வருஷம் சும்மா இருந்தவளுக்கு இப்ப என்ன வந்துச்சு?" என்று கேட்கிறார். உன்னிடமே கேட்டு எழுதுகிறேன் என்றேன்.

இருந்தாலும் உனக்காகப் பேசினேன். காக்கா ஒரு அளவுக்கு இறங்கி வந்திருக்கிறார். கல்லில் மாற்றம் இல்லை. புத்தகத்தின் கடைசியில் "குடும்பத்துப் பெண்மணிகள்" என்று ஒரு பக்கம் போடலாம். மாமியின் படம், பெயர், நல்ல வார்த்தையாக நாலு வரி. காபிக் கடைக்கு அவர்கள் பெயரை வைக்கலாம் என்றும் காக்காவின் மகன் சொல்கிறான்.

ஒத்துக்கொள் கமரு. எனக்கு வயதாகிவிட்டது. இந்த வேலையை நிம்மதியாக முடிக்க வேண்டும்.

இப்ராஹிம்


நன்னிலம்
16.1.2025

மச்சானுக்கு ஸலாம். ஜாஃபர் காக்காவின் உடம்புக்காக துஆ செய்தேன். அது மனதார.

காக்கா கேட்டதற்குப் பதில்: நாற்பது வருஷமும் நான் சும்மா இல்லை. இந்தத் தாலுகாவில் எந்தப் பெண் கையெழுத்துப் போட வந்தாலும், அண்ணனையும் புருஷனையும் வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, முழுப் பத்திரத்தையும் அவளுக்கு உரக்க வாசித்துக் காட்டிய பிறகுதான் பேனாவைக் கொடுக்கிறேன். அதனால் எத்தனையோ ஆண்கள் என் அறைக்கு வருவதை விட்டுவிட்டார்கள். போகட்டும்.

கடைசிப் பக்கம் வேண்டாம். காபிக் கடையும் வேண்டாம். சொந்தக்காரியின் பெயர் வாசலில் இருக்க வேண்டும். சீனன் சிரிப்பான், வெள்ளைக்காரன் சிரிப்பான் என்கிறீர்கள். சிரிக்கட்டும். பெண்ணுக்கு வீடில்லாமல் நிக்காஹ் இல்லை என்று தலைமையகத்தையே தூக்கிக் கொடுத்த ஆளுக்குப் பேரனாகப் பிறந்துவிட்டு, அதைச் சொல்ல உங்களுக்கு என்ன வெட்கம்? அந்தத் தீவில் இருக்கிற அத்தனை கட்டடத்திலும் இப்படி ஒரு கதை எதற்காவது உண்டா? வரலாறு எழுத வந்தவர் நீங்கள், இதை விட்டுவிட்டு ஓடுகளையும் மரத்தையும் எழுதுகிறீர்கள்.

என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. இனி அது இல்லாத கடிதம் வந்தால் பிரிக்க மாட்டேன்.

கமருன்னிஸா


ஜார்ஜ்டவுன்
20.2.2025

அன்புள்ள கமருவுக்கு அஸ்ஸலாமு அலைக்கும். நீ நலமாக இருக்க வேண்டும். நான் நலம் என்று எழுத இன்று மனம் வரவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை.

எனக்குத் தெரியும். ஏழு பக்கமும் தெரியும். அதை வக்கீல் ஆபீஸில் டைப் அடித்து வாங்கி வந்தவனே நான்தான். கட்டடத்தை முழுவதுமாக மாமி தன் சகோதரர்களுக்கு விட்டுக்கொடுப்பதாக எழுதியிருந்தது. கூரை என்று சொல்லச் சொன்னது வாப்பா. கப்பலிலும் ரயிலிலும் வரும்போது அந்த வார்த்தையைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். மாமி "இத்தனை பக்கமா?" என்று கேட்டபோது உண்மையைச் சொல்லிவிட ஒரு வாய்ப்பு இருந்தது. நான் சிரித்தேன். அன்றைக்கு நீ "கூரைதாம்மா" என்றதும் எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா? அந்த ஆறுதலை நினைத்தால் இப்போது அவமானமாக இருக்கிறது. அது உன் பொய் இல்லை கமரு. நான் உன் வாயில் வைத்த பொய்.

மாமியின் மவுத்துக்கு நான் ஊருக்கு வராததற்கு டிக்கெட் கிடைக்கவில்லை என்று சொன்னேன். கிடைத்தது. வர முடியவில்லை.

போன வாரம் செயலாளரிடம் இதையெல்லாம் சொன்னேன். எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். காக்கா என்னோடு பேசுவதில்லை. தம்பி வீட்டிலும் என்னைக் கூப்பிடுவதில்லை. நோன்புக்குப் பத்து நாள்தான் இருக்கிறது, இந்த வருஷம் தனியாகத்தான் நோன்பு திறக்க வேண்டியிருக்கும். சங்கம் கல்வெட்டை மாற்ற ஒத்துக்கொண்டது. புதிய வாசகம் இது:

"மூஸா அன் சன்ஸ் தலைமையகம். 1934ல் மூஸா கட்டினார். 1951ல் தம் ஊர் வழக்கப்படி இதை மகள் நுஸைபாவுக்கு நிக்காஹ் வீடாகக் கொடுத்தார். முப்பத்து மூன்று ஆண்டுகள் இது அவருடைய வீடு. 1984ல் குடும்பத்தார் உண்மையைச் சொல்லாமல் அவரிடம் கையெழுத்து வாங்கி இதை எடுத்துக்கொண்டனர்."

கடைசி வரியை எடுத்துவிட்டால் காக்கா விழாவுக்கு வருவார் என்று செயலாளர் சொல்கிறார். மாமியின் பெயர் எப்படியும் இருக்கும், அதில் மாற்றமில்லை. கடைசி வரியை வைப்பதும் எடுப்பதும் உன் இஷ்டம் என்று சொல்லிவிட்டேன்.

என்னை மன்னிப்பாயா கமரு?

இப்ராஹிம்


நன்னிலம்
6.3.2025

இப்ராஹிம் மச்சானுக்கு வஅலைக்குமுஸ்ஸலாம். நோன்பு ஐந்தாகிறது. அறுப்பு முடிந்து நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டுவிட்டார்கள், ஊர் கொஞ்சம் மூச்சு விடுகிறது. உங்கள் மகளிடம் சொல்லியிருக்கிறேன், நோன்பு முடியும்வரை அவள் வீட்டில்தான் நீங்கள் திறக்க வேண்டும். தனியாக உட்கார்ந்து பேரீச்சம்பழம் தின்று உங்களுக்கு நீங்களே தண்டனை கொடுத்துக்கொள்ள வேண்டாம்.

உங்கள் கடிதத்தை அறையைச் சாத்திக்கொண்டு படித்தேன். அழுதேன். வேம்பு வெளியே இருந்து, "யாருக்கா, கெட்ட சேதியா?" என்று கேட்டாள். இல்லை, நாற்பது வருஷம் தாமதமாக வந்த சேதி என்றேன்.

கடைசி வரியை எடுக்க வேண்டாம். காக்கா வராவிட்டால் வர வேண்டாம். அவர் வருவதற்காக உம்மா ஏமாந்ததை மறைக்க முடியாது.

ஆனால் அந்த வரி இன்னும் சரியாக இல்லை. குடும்பத்தார் என்றால் யார்? உம்மாவும் குடும்பத்தார்தான். ஆயிஷா பெரியம்மாவும் குடும்பத்தார்தான். நான் எழுதுகிற பத்திரத்தில் கொடுத்தவர் பெயர் இருக்கும், வாங்கியவர் பெயர் இருக்கும், சாட்சியின் பெயர் இருக்கும். பெயரில்லாத ஆள் எதையும் எழுதி வாங்க முடியாது. கல்லிலும் அப்படியே எழுதுங்கள்: "சகோதரர்களுக்காக, சகோதரர் மகன் இப்ராஹிம் கையெழுத்து வாங்கினார்." பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, புரியாததைப் புரிந்ததாகச் சொன்ன மகள் கமருன்னிஸா என்று என் பெயரையும் போடுங்கள். நான் ஒளிந்துகொண்டு உங்களை மட்டும் வெயிலில் நிறுத்த மாட்டேன்.

பாஸ்போர்ட் வாங்கிவிட்டேன். ஏப்ரல் பத்தாம் தேதி திருச்சியிலிருந்து கிளம்பி கோலாலம்பூர் வழியாக வருகிறேன். ஓட்டல் எதுவும் பார்க்க வேண்டாம். அந்தக் கட்டடத்தின் மேல்மாடியில் எனக்கு ஒரு பாயும் தலையணையும் போதும். விழா வரை கட்டடம் சங்கத்தின் பொறுப்பில் இருப்பதால் செயலாளருக்கு எழுதிக் கேட்டுவிட்டேன், ஒத்துக்கொண்டார். என் உம்மா ஒரு நாள்கூடத் தங்காத வீட்டில் மூன்று நாள் தங்கிவிட்டுத்தான் ஊர் திரும்புவேன். விமான நிலையத்துக்கு நீங்களே வர வேண்டும். வேறு யாரையாவது அனுப்பினால் காரில் ஏற மாட்டேன்.

மன்னிப்பாயா என்று கேட்டிருக்கிறீர்கள். இன்னும் இல்லை. கல்லில் உங்கள் பெயரை வெட்டியபிறகு, அதற்கு முன்னால் நின்று கேளுங்கள்.

நுஸைபாவின் மகள்,
கமருன்னிஸா